காக்கையடிக்குளத்து நீலம்

பாளையங்கோட்டை சர்வே ஆபீஸில்
எனக்கிட்ட சோலி
பழைய வரைபடங்களைக் கணினிக்கு ஏற்றுவது.
ஒரு நாளைக்கு முப்பது.
துணி ஒட்டிய தாள், மடிப்பெல்லாம் செல்லரிப்பு,
சாயங்காலம் வரை மூக்கில் அந்துருண்டை.

பதினேழாவதை விரித்தேன்:
காக்கையடிக்குளம்.
மற்ற குளங்கள்
வெள்ளைச் சட்டைக்குப் போட்ட சொட்டுநீலமாய்
ஒரே பூச்சில் கிடக்க,
இது ஒன்றுதான் ஆழமாயிருந்தது.
மடையோரம் கருத்து
நடுவில் தெளிந்து
கரையைத் தொடுகிற இடத்தில்,
கழுவாமல் விட்ட டீ தம்ளரின் அடியில் நிற்குமே,
அப்படி ஒரு விளிம்பு.

நீலத்துக்குள் ஒரு மயிர்.
அணில்வால் தூரிகையிலிருந்து உதிர்ந்தது.
எடுக்காமல் விட்டிருக்கிறார்.
எடுத்தால் ஈரம் கலங்கும்.

மூலையில் கொசுவளவு இரண்டெழுத்து: ம.சூ.
மரியசூசையா, மகிழ்ச்சி என்கிற அப்பன் பெற்ற சூரங்குடியா,
சம்பளப் பதிவேட்டில் யாருமில்லை.
"கூலிக்கு வந்து கலர் அடிச்சவனா இருக்கும்"
ஸ்டேப்ளருக்குப் பின் நிரப்பியபடி
கோமதிநாயகம் சொன்னார்.
வெயில் பட்டிருந்தால் அவுரி என்றோ வெளுத்திருக்கும்.
ஒருத்தரும் பிரித்துப் பார்க்காததில்
பிழைத்துக் கிடந்தது.

ஜங்ஷனில் வாங்கிய கலர் டப்பாவின் நீலம்
போலீஸ் வேனைப் போலிருந்தது.
நாட்டு மருந்துக் கடையில் வேலம்பிசின் கேட்டேன்.
"யாருக்கு இடுப்பு வலி?"
"குளத்துக்கு."
அவர் நிறுத்துக் கொடுத்த அவுரிப்பொடி
தலைக்குத் தேய்க்கிற இலைப்பொடி;
தண்ணீர் விட்டதும் தவளைப் பச்சை.
நீலக்கட்டி விழுப்புரத்துப் பக்கமிருந்து
பார்சலில் வந்து சேரப் பதினோரு நாள்.
கரைக்குச் சிவப்பு வேண்டும்;
திசையன்விளைக் கல்யாணத்துக்குப் போனவள்
டிபன் பாக்ஸில் தேரி மண்ணோடு திரும்பினேன்.
அலசி, கலக்கி, மணலை அடியில் விட்டு
கலங்கலை மட்டும் வடித்தால்
மறுநாள் தட்டில் படிந்திருந்தது
ஒரு சிட்டிகை அந்திவானம்.

சட்டம் உடைந்த காலண்டர் படத்தின் கண்ணாடி மேல்
மருந்துக் குழவியால் அரைக்கிறேன்.
பிசின் தண்ணீர், தேன் இரண்டு சொட்டு,
பூசணம் பிடிக்காமல் கிராம்பெண்ணெய்.
"கோட்டி பிடிச்சிட்டுட்டீ உனக்கு"
போர்வையை இழுத்து மூடுகிறாள்
ஹாஸ்டல் அறைக்காரி பனிமேரி.

இருபத்திரண்டு தாள் வீண்.
திட்டு, கோடு, பூக்கோசு மாதிரி ஒரு வெடிப்பு.
இருபத்திமூன்றில் கை சலித்து
பலகையைச் சாய்த்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.
வந்து பார்த்தால் மடையோரம் கருத்திருந்தது.
அப்போதுதான் புரிந்தது:
அவர் இழுத்தது கொஞ்சம்,
மீதி தண்ணீர் போன போக்கு.

அந்த வரைபடத்தில் ஒரு சங்கதி உண்டு.
தெற்கே நீலம் எல்லைக்கோட்டைத் தாண்டி
மூன்று வயல் போயிருக்கிறது.
பக்கத்தில் யாரோ 'பிழை' என்று எழுதிய சிவப்பு மை
பூதக்கண்ணாடி வைத்தால்தான் தெரிகிறது.
"கோட்டோடு வெட்டிடும்மா" என்றது மேலிடம்.

ஐப்பசி அடைமழையில் பஸ் ஏறிப் போனேன்.
குளம் பாதி, பிளாட் கல் மீதி.
செல்போன் கடைக்காரர் கண்ணாடிப் பெட்டியைத்
தலைமேல் ஏற்றிக்கொண்டிருந்தார்.
முதல் வயல், தண்ணீர்.
இரண்டாவது வயல், தண்ணீர்.
மூன்றாவதில் இல்லை.
கிழக்கே, அவர் தீட்டாத ஒரு தெருவில்
முழங்கால் அளவு நின்றது.
பார்த்துத் தீட்டினாரா, கை தவறியதா,
என்னால் சொல்ல முடியவில்லை.
வெட்டாமல் ஏற்றினேன்.
விளக்கம் கேட்டு மெமோ வந்திருக்கிறது.

அங்கே ஒரு பாட்டிலில் பிடித்து வந்த தண்ணீரில்
இன்றைக்கு நீலம் கரைத்தேன்.
மழைக்காலம், காய்வேனா என்கிறது தாள்.
பனிமேரி ஃபேன் சுவிட்சில் கை வைக்கிறாள்.
போடாதட்டீ.
இது எங்கே போய் நிற்குதுன்னு
பார்க்கணும்.